இடுப்பு மூட்டு மாற்றி ஐந்து கிழமையாகியும் இரவில் நோவு: குளிசையை எப்போது போடுவது?

கேள்வி: புதுக்குடியிருப்பில் என்னோடு வசிக்கும் எனது தாயாருக்கு 64 வயது. பல வருடங்களாக மூட்டுத் தேய்வினால் நொண்டி நடந்தவருக்கு ஐந்து கிழமைகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் வலது இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. தையல் காய்ந்துவிட்டது, காய்ச்சல் இல்லை. பகலில் வோக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். பொழுதுபட்டதும் தொடையும் முழங்காலும் உளையத் தொடங்கி, நடுச்சாமத்தில் அழுகிறார். பழகிவிடும் என்ற பயத்தில், தாங்க முடியாதபோது மட்டும் இரண்டு பனடோல் போடுகிறார். வாட்டில் தந்துவிட்ட ட்ரமடோலைத் தலைசுற்றும் மலச்சிக்கலும் வந்ததால் நிறுத்திவிட்டார். அயலவர் ஒருவர் தந்த டைக்குளோபினக் நல்ல சுகம் தருகிறது. பிறசருக்கு லொசார்ட்டானும், குருதி கட்டிபடாமல் இருக்க அஸ்பிரினும், மனநலக் கிளினிக்கில் தரும் இரவுக் குளிசை ஒன்றும் எடுக்கிறார். கிளினிக் கொப்பியில் நிறை 46 கிலோ என்று இருக்கிறது. எண்ணெய் போட்டு உருவினால் சரிவரும் என்கிறார் எங்கள் பரியாரியார். கனடாவில் இருக்கும் தம்பியோ, அங்கெல்லாம் அடுத்த நாளே நடக்கிறார்கள், ஒரு மாதத்துக்குப் பின்னும் நோவென்றால் ஏதோ பிழை என்கிறான். அடுத்த கிழமை கிளினிக் நாள். பஸ்ஸில் கூட்டிச் செல்லலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: நீங்கள் விவரித்திருக்கும் நோவு, ஐந்தாவது கிழமையில் எதிர்பார்க்கத்தக்க நோவுதான். சத்திரசிகிச்சையில் தேய்ந்த பந்துப் பகுதி அகற்றப்பட்டு, தொடை என்பின் உள்ளே ஒரு தண்டும் இடுப்பு என்பின் குழியில் ஒரு கிண்ணமும் பொருத்தப்படுகின்றன. அந்தச் செயற்கை மூட்டுக்கு நோவு தெரியாது. நோவது அதைச் சுற்றியுள்ள தசைகளும், மூட்டுறையும், தண்டை ஏற்றுக்கொண்ட என்பும்தான். பிட்டத் தசைகளில் சில விலக்கப்பட்டோ வெட்டித் தைக்கப்பட்டோ இருக்கும். அத்துடன், பல வருடங்கள் நொண்டி நடந்தவரின் தசைகள் சத்திரசிகிச்சைக்கு முன்னரே மெலிந்து போயிருக்கும். பகல் முழுவதும் வேலை செய்த அந்தத் தசைகள் களைத்து, காலில் நீர் இறங்கி வீங்கும் நேரம் பொழுதுபடும் நேரம் என்பதால்தான் மாலையில் உளைவு கூடுகிறது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால், இடுப்பில் எழும் நோவை முழங்காலில் உணர்வதும் வழமைதான். முழங்கால் தானாக வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

பொதுவாக முதல் இரண்டு கிழமைகளில் கடுமையாக இருக்கும் நோவு, ஆறு கிழமைக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் நன்றாகக் குறைந்துவிடும். வீக்கமும், இருந்து எழும்பும்போது முதல் சில அடிகளில் வரும் பிடிப்பும் அதற்குப் பின்னும் சில மாதங்கள் தொடரலாம். முழுமையாகத் தேற ஒரு வருடம் எடுப்பவர்களும் உண்டு. உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. அடுத்த நாளே எழுப்பி நடக்க வைப்பது இங்கும் நடைமுறையில் உள்ளதுதான். உங்கள் தாயாரும் அப்படித்தான் நடந்திருப்பார். ஆனால் அடுத்த நாள் நடப்பது வேறு, நோவின்றி நடப்பது வேறு. அங்கு நடப்பவர்களும் மணி பார்த்துக் குளிசை எடுத்துக்கொண்டே நடக்கிறார்கள். உங்கள் வீட்டில் குறைவது இந்த மணி பார்ப்பதுதான் என்பது என் கணிப்பு.

தாங்க முடியாத கட்டம் வரும்வரை பொறுத்திருந்து குளிசை போடுவது, குளக்கட்டு உடைந்த பின்னர் மண்மூட்டை அடுக்குவதற்கு ஒப்பானது. பனடோலில் இருக்கும் மருந்தான பரசிற்றமோல், வாய்வழி எடுத்தால், வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். அதற்குள் நோவு உச்சத்தைத் தொட்டுவிட்டால், அதே குளிசை பலனற்றதாகத் தோன்றும். ஆகவே நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறித்த நேரத்தில் அதைக் கொடுங்கள்: காலை 6 மணி, நண்பகல், மாலை 5 மணி, இரவு 10 மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் 4 மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. அளவைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. 500 மில்லிகிராம் குளிசையில் ஒரு வேளைக்கு இரண்டு, நாளொன்றுக்கு அதிகபட்சம் எட்டு என்பது நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்தவர்களுக்கான கணக்கு. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அது கூடிவிடும். உங்கள் தாயாரின் நிறைக்கு, ஒரு வேளைக்கு ஒன்று வீதம் நாளுக்கு நான்கு என்று ஒழுங்காகத் தொடங்கி, போதாவிட்டால் எவ்வளவு கூட்டலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் கடையில் வாங்கும் பல குளிசைகளுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது. அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். பழகிவிடும் என்ற பயம் பரசிற்றமோலுக்குச் சற்றும் பொருந்தாது. அதை இரண்டு மாதம் ஒழுங்காக எடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினாலும் உடல் அதைக் கேட்டு ஏங்காது.

இனி, அயலவர் தந்த டைக்குளோபினக். அது நல்ல சுகம் தருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. வீக்கத்தால் வரும் நோவுக்கு அது நல்ல மருந்து. ஆனாலும் உங்கள் தாயாருக்கு அதை இன்றே நிறுத்துங்கள் என்று சொல்வேன். அஸ்பிரினும் டைக்குளோபினக்கும் ஒன்றாகச் சேரும்போது இரைப்பையில் புண் ஏற்பட்டுக் குருதி கசியும் ஆபத்துப் பலமடங்கு கூடுகிறது. லொசார்ட்டானுடன் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் குருதியோட்டம் குறைகிறது. பிறசருக்குச் சிறுநீர் போகச் செய்யும் குளிசையும் கூட இருந்தால் நிலைமை இன்னும் மோசம். காரணம் திட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தில் மாத்திரமன்றி அதை அண்டிய வவுனியாப் பகுதிகளிலும் காணப்படுகிறது. அந்த நோய் நெடுநாள் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது என்பதால், வன்னியில் வயல்வேலை செய்து, வெயிலில் காய்ந்து வளர்ந்த ஒருவருக்குக் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் அளவைக் குருதியில் பார்க்காமல் இந்த வகைக் குளிசையைத் தொடர்ந்து கொடுக்க நான் உடன்படுவதில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னர் எடுத்த பரிசோதனை அறிக்கை உங்களிடம் இருக்கும். புதிதாக ஒன்று எடுத்து இரண்டையும் வைத்தியரிடம் காட்டினால், சில நாட்களுக்கு மட்டும், இரைப்பையைக் காக்கும் ஒமெப்பிரசோலுடன் சேர்த்து அதைத் தரலாமா என்று அவர் தீர்மானிப்பார். இரைப்பைக்கு ஆகாது என்று சொன்னவுடன் ஊசியாகவோ ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவோ அதையே வாங்குவோர் பலர். எந்த வழியாகப் போனாலும் மருந்து குருதியில்தான் கலக்கிறது; சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் அதன் தீங்கு அப்படியே இருக்கும். பெயர் எழுதாத கடதாசிப் பொட்டலத்தில் வரும் நோவுக் குளிசைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ட்ரமடோலை நிறுத்தியது பாதகமில்லை. நோவுக் குளிசைகளைக் குறைக்கும் ஒழுங்கில் முதலில் விட வேண்டியது அந்த வகைதான். பரசிற்றமோல் கடைசியாகப் போகும். ஆனால் அதை மீண்டும் தொடங்க யாராவது சொன்னால், மனநலக் கிளினிக் குளிசையின் பெயரைக் கட்டாயம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கும் நித்திரைக்கும் தரப்படும் சில மருந்துகளுடன் ட்ரமடோல் சேரும்போது, மிதமிஞ்சிய மயக்கமோ, நடுக்கமோ, வலிப்போ ஏற்படக்கூடும். அதற்காக அந்த இரவுக் குளிசையை நிறுத்திவிட வேண்டாம். 2009இற்குப் பின்னர் அந்தக் கிளினிக்குக்குப் போய்வருபவர்கள் எங்கள் பகுதியில் அநேகர்; அதை என்புக் கிளினிக்கில் சொல்லக் கூசி மறைப்பவர்களும் அநேகர். நித்திரை குழம்பினால் நோவு கூடும் என்பதும், மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு மூட்டு மாற்றிய பின்னர் நோவு நீடிக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதும் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டவை. அந்த நோவு பொய்யான நோவு அல்ல. அதே உடலில், அதே நரம்புகளில் உணரப்படும் நோவுதான். உங்கள் தாயார் நடுச்சாமத்தில் அழுவது தனியே இடுப்புக்காகத்தானா என்பதை, இரவில் அல்லாமல் ஒரு பகல் பொழுதில், பக்கத்தில் இருந்து மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன்: மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, வளவின் கோடியில் இருக்கிறதா? இருந்தால், அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருப்பார். சத்திரசிகிச்சை செய்து வீடு திரும்பும் தாய்மார் பலரிடம் நான் காண்பது இது. எழும்பி அவ்வளவு தூரம் போவதற்குப் பயந்து, மாலை 4 மணிக்குப் பின்னர் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். அதனால் மலம் இறுகுகிறது, முக்குவதில் இடுப்பு நோகிறது, சிறுநீரகமும் வாடுகிறது. குந்தும் மலசலகூடம் என்றால் அதில் குந்தவே கூடாது. நடுவில் துளை வெட்டிய பிளாஸ்ரிக் கதிரையை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். இரவுக்கு, வாளி பொருத்திய கொமட் கதிரை ஒன்றைக் கட்டிலருகே வைத்தால், இருட்டில் முற்றத்தில் விழும் ஆபத்தும் இல்லாமல் போகும். இருதய நோயோ சிறுநீரக நோயோ காரணமாகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்காவிட்டால், தாராளமாகக் குடிக்கட்டும்.

குளிசை எடுப்பது படுத்திருப்பதற்காக அல்ல, நடப்பதற்காக. நோகிறது என்று பகலில் படுத்தே கிடந்தால் தசை மேலும் மெலிந்து, இரவு நோவு கூடவே செய்யும். குளிசை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, குறுகிய தூரமாக, பல தடவை நடக்க விடுங்கள். ஒரேயடியாக அரை மணி நேரம் நடப்பதைவிட, ஐந்து ஐந்து நிமிடமாக ஆறு தடவை நடப்பது நல்லது. நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று எண் சொல்லச் சொல்வது வாட்டில் வழக்கம். எங்கள் வயதான தாய்மாரிடம் அது அவ்வளவாக எடுபடுவதில்லை. அதைவிட ஒரு பழைய கொப்பியில், எத்தனை மணிக்கு எந்தக் குளிசை, எதுவரை நடந்தார் என்று எழுதி வாருங்கள்: விறாந்தை வரை, கிணற்றடி வரை, படலை வரை. நடக்கும்போது பேச்சுக்கொடுத்தால் பதில் சொல்லக்கூடிய அளவு நோவு இருக்கலாம். நடந்து முடித்த பின்னர் கூடிய நோவு ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் அளவு சரி. அடுத்த நாள் காலையிலும் அது நின்றால், அன்று தூரத்தைப் பாதியாக்குங்கள், நடையை நிறுத்த வேண்டாம். படலை வரை போகும் நாள் வந்துவிட்டால், நோவு குறைந்ததா என்று கேட்கவே தேவையிராது.

வோக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும் நாளை இயன்மருத்துவர் சொல்லட்டும். மாறும்போது தடியை இடது கையில், அதாவது சத்திரசிகிச்சை செய்யாத பக்கத்தில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வலது இடுப்பின் தசைகளில் இறங்கும் சுமை குறையும். நோகிற பக்கத்திலேயே தடியைப் பிடிப்பதுதான் ஊரில் நான் அதிகம் காணும் பிழை. மணல் முற்றத்தில் தடி புதையும், வோக்கரின் கால் சாயும். இறுகிய நிலத்திலோ சீமெந்து விறாந்தையிலோ நடப்பது நல்லது. தடியின் அடியிலுள்ள றப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். குதியில் வார் இல்லாத செருப்பு வேண்டாம்.

மாலை நோவுக்கு இன்னொரு காரணத்தையும் நீங்கள் தேட வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும், யாரும் காணாத நேரத்தில் தாய்மார் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். திருவலையில் இருந்து தேங்காய் துருவுவதும், நிலத்து அடுப்பின் முன் குந்துவதும், சப்பாணி கட்டி இருப்பதும் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கும். மூட்டுறை இன்னும் இறுகாத இந்த நாட்களில், குறிப்பாகப் பின்புறமாக வெட்டிச் செய்த சத்திரசிகிச்சை என்றால், அது நோவைக் கூட்டுவதோடு மூட்டு விலகவும் காரணமாகலாம். சத்திரசிகிச்சை நிபுணர் சொன்ன காலம் முடியும்வரை, முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும் உயரத்திலேயே அவர் இருக்க வேண்டும். வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரை தாழ்வாக இருந்தால், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் உயரமும் உறுதியும் கிடைக்கும். பாயில் படுக்கை வேண்டாம். கட்டிலில் மல்லாந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் தடித்த தலையணை வைத்துப் படுக்கட்டும். பொழுதுபடுவதற்கு முன்னர் முக்கால் மணி நேரம் காலை நீட்டிப் படுத்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் வீக்கம் இறங்கும். துணி சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் தொடையின் வெளிப்புறம் வைப்பதும் உதவும். மீன் வியாபாரியிடம் வாங்கும் ஐஸ் என்றால், அதைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி, மேலே துணி சுற்றி வையுங்கள். அந்தத் தண்ணீர் தையல் போட்ட இடத்தில் படக்கூடாது.

பரியாரியாரின் கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுளுக்குக்கும் நெரிவுக்கும் அவரிடம் போய்ச் சுகமானவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். ஆனால் அவர் பழகியது இயற்கையான மூட்டில். செயற்கை மூட்டை இழுத்து உருவினால் அது குழியிலிருந்து விலகலாம்; கெண்டைக்காலை அழுத்திப் பிசைந்தால், அங்கே குருதிக்கட்டி இருந்தால், அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். எனவே உருவுவதும் வேது பிடிப்பதும் வேண்டாம். தையல் தழும்பு முழுதாக மூடி, மேல்தோல் உதிர்வது நின்ற பின்னர், உங்கள் தாயாரே விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பின்மேல் மெல்லத் தேய்ப்பதில் தடையில்லை, தழும்பு இளகும். கிரந்தி, அதாவது புண்ணுக்கு ஆகாது, என்று மீனையும் முட்டையையும் நிறுத்தியிருந்தால் மீண்டும் தொடங்குங்கள். 46 கிலோ உடம்பில் தசை வளர வேறு வழியில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம், மெல்ல மெல்லவேனும் குறைந்து வரும் நோவுக்கு உரியவை. குளிசையால் அடக்கக்கூடாத நோவும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, இறுகி, தொட்டால் நோவது குருதிக்கட்டியாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ, ஒரு கணமும் தாமதியாமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். கடும் நோவோடு கால் குறுகி, பாதம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி, ஊன்ற முடியாமல் போனால் மூட்டு விலகியிருக்கலாம், அல்லது என்பு முறிந்திருக்கலாம். தூக்கி நிறுத்த முயலாமல் படுத்த நிலையிலேயே கொண்டுசெல்லுங்கள். பாதத்தை மேலே தூக்க முடியாமல் போனாலும் காட்ட வேண்டும். காய்ந்த தையல் மீண்டும் கசிந்தாலோ, சிவந்து சூடானாலோ, காய்ச்சலோடு நோவு நாளுக்கு நாள் கூடினாலோ, செயற்கை மூட்டில் கிருமி தொற்றியிருக்கலாம். அப்படியான வேளையில் மருந்துக்கடையில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூட்டிலிருந்து பரிசோதனைக்கு எடுக்கும் நீரில் கிருமி பிடிபடாமல் போய், எந்த மருந்து கேட்கும் என்று அறிவது கடினமாகிவிடும். சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கே நேரே போகப் பாருங்கள். கறுப்பாக மலம் போனால் அது இரைப்பையில் குருதி கசிவதற்கான அறிகுறி. அதையும் உடனே காட்டுங்கள்.

அடுத்த கிழமைப் பயணத்தைப் பற்றி: வாகனம் பிடிக்க வசதியிருந்தால் அதுவே நல்லது, இல்லாவிட்டால், சனநெரிசல் இல்லாத நேரத்துப் பஸ்ஸில் போகலாம். புறப்பட அரை மணிக்கு முன்னர் ஒரு பரசிற்றமோல் கொடுங்கள். ஏறும்போது முதலில் இடது கால், இறங்கும்போது முதலில் வலது கால். முன் வரிசையில், காலை நீட்டக்கூடிய இருக்கையைக் கேட்டு வாங்கி, மடித்த போர்வை ஒன்றைப் போட்டு உயர்த்தி இருத்துங்கள். பரந்தனில் பஸ் மாறும்போது உடனே அடுத்ததில் ஏற்றாமல், பத்து நிமிடம் அங்குமிங்கும் நடக்க விடுங்கள். மணிக்கணக்காக மடக்கி வைத்த காலில்தான் குருதி கட்டிபடும். கிளினிக் கொப்பியோடு, நீங்கள் எழுதிவரும் நோவுக் கொப்பியையும், வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், அயலவர் தந்ததன் மிச்சத்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரின் மேசையில் வையுங்கள்.